ஓப்பன் சோர்ஸுக்குப் புதியவரா? மெயின்டெய்னரின் நேரத்தை மிச்சப்படுத்துங்கள்

கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகும் மாணவர்களிடம் சீனியர்கள் தவறாமல் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: "கிட்ஹப் ப்ரொஃபைல் பச்சைப் பசேல்னு இருக்கணும்." எப்படி என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் என்ன ஆகிறது? ஒருநாளும் பயன்படுத்திப் பார்க்காத மென்பொருளின் ரீட்மீ கோப்பில் ஒரு கமாவைச் சேர்த்து, அதை ஏற்கக் கோரும் புல் ரிக்வெஸ்ட் அனுப்புகிறார்கள். கையோடு லிங்க்ட்இன்னில் "ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பாளர்" என்று போட்டுக்கொள்கிறார்கள்.

இந்தக் கூத்தின் உச்சம் 2020 அக்டோபரில் நடந்தது. டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2014-ல் தொடங்கிய ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், குறிப்பிட்ட எண்ணிக்கையில் புல் ரிக்வெஸ்ட் அனுப்பியவர்களுக்கு அப்போது டி-ஷர்ட் கிடைத்துவந்தது. அந்தச் சட்டைக்காக அர்த்தமே இல்லாத திருத்தங்கள் வந்து குவிந்தன. ப்ராஜெக்ட்டுகளைப் பராமரிக்கும் மெயின்டெய்னர்கள் கொதித்துப்போனார்கள். கடைசியில், நிகழ்வு நடந்துகொண்டிருக்கும்போதே விதியை மாற்ற வேண்டியதாயிற்று: முன்வந்து சம்மதம் சொன்ன ப்ராஜெக்ட்டுகளில் செய்யும் பங்களிப்பு மட்டுமே கணக்கில் சேரும்.

ஓப்பன் சோர்ஸ் உலகில் கோடுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கோடைப் படித்து, ஓட்டிப் பார்த்து, சேர்க்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் ஆட்களின் நேரத்துக்குத்தான் பஞ்சம். அந்த நேரத்தைத் தின்னாதவர் நல்ல புதியவர். மிச்சப்படுத்திக் கொடுப்பவர் எல்லோரும் தேடும் புதியவர். ப்ராஜெக்ட்டைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி ரெஸ்யூமேயில் எழுதுவது வரை, எல்லா முடிவையும் இந்த ஒரு கணக்கில் வைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உங்கள் திருத்தம் யாரிடம் போகிறது?

லினக்ஸ் கெர்னல், குபெர்னெட்டிஸ் மாதிரியான ப்ராஜெக்ட்டுகளில் பெரிய நிறுவனங்கள் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் இன்ஜினீயர்கள் வேலை பார்க்கிறார்கள். ஆனால் நாம் தினமும் இன்ஸ்டால் செய்யும் சின்னச் சின்ன லைப்ரரிகளில் பலவற்றை, ஒருவரோ இருவரோ ஆபீஸ் வேலை முடிந்தபின் பார்த்துக்கொள்கிறார்கள். சம்பளம் கிடையாது.

எக்ஸ்இசட் அப்படிப்பட்ட ஒன்று. கோப்புகளைச் சுருக்கும் கருவி. ஏறக்குறைய எல்லா லினக்ஸ் வகைகளிலும் இருக்கிறது. பல ஆண்டுகள் அதைத் தனியாளாக ஒருவரே கவனித்துவந்தார். "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று முகம் தெரியாத சிலர் அவரை நெருக்கினார்கள். அதே காலத்தில் ஒரு "உதவிக்காரர்" பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பி, இரண்டு ஆண்டுக்கும் மேலாக நம்பிக்கை சம்பாதித்து, துணை மெயின்டெய்னர் ஆனார். 2024 தொடக்கத்தில் அதே கையால் மென்பொருளுக்குள் ஒரு திருட்டு வாசலை வைத்தார்.

அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட். மைக்ரோசாஃப்டில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வேலை பார்ப்பவர். எக்ஸ்இசட்டுக்கும் அவருக்கும் தொடர்பே இல்லை. தன் மெஷினில் எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தைவிட அரை வினாடி போல அதிகம் எடுப்பது அவர் கண்ணில் பட்டது. "ஏதோ ஸ்லோவா இருக்கு" என்று விட்டுவிடாமல் காரணத்தைத் துருவிப்போய் அந்த வாசலைக் கண்டார். 2024 மார்ச் 29-ல் ஆதாரங்களோடு பொதுவில் எழுதினார். உலகெங்கும் எத்தனையோ சர்வர்கள் தப்பின.

புதியவருக்கு இதில் இரண்டு செய்திகள். ஒன்று, கவனித்துப் பார்த்து ஒழுங்காக எழுதிய ஒரு பக் ரிப்போர்ட்டும் முழுப் பங்களிப்புதான். இரண்டு, முன்பின் தெரியாதவர் உதவ வந்தால் மெயின்டெய்னர்கள் இப்போது ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கிறார்கள். பதில் வறட்சியாக வந்தால் மனம் கோண வேண்டாம். சின்னதாக, எளிதில் சரிபார்க்கக்கூடியதாக அனுப்புங்கள். நம்பிக்கை அப்படித்தான் சேரும்.

எந்த ப்ராஜெக்ட்?

நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் இருந்து தொடங்குங்கள். பயன்படுத்தாத மென்பொருளில் எது பக், எது வேண்டுமென்றே அப்படி வைத்தது என்றே உங்களுக்குத் தெரியாது. உங்கள் காலேஜ் ப்ராஜெக்ட்டின் ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் இருக்கும் பெயர்கள்தான் உங்கள் பட்டியல். எல்லோரும் அறிந்த பெரிய பெயர்களை விட்டு, நடுத்தர அளவு லைப்ரரிகளைப் பாருங்கள். பெரிய ப்ராஜெக்ட்டில் "குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ" என்று லேபிள் ஒட்டிய சில நிமிடங்களில் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள்.

பெயர் முடிவானதும் பத்து நிமிடம் ஒதுக்கி இவற்றைப் பாருங்கள்:

- லைசென்ஸ் கோப்பு இருக்கிறதா? எம்ஐடி, அப்பாச்சி 2.0, ஜிபிஎல் என்று ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். லைசென்ஸே இல்லை என்றால், கோட் கண்ணுக்குத் தெரிந்தாலும் சட்டப்படி அது ஓப்பன் சோர்ஸ் ஆகாது.
- கடைசி கமிட் எப்போது? ஒரு வருடமாக அசைவே இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.
- வெளியாட்கள் அனுப்பிய கடைசிப் பத்து புல் ரிக்வெஸ்ட்டுகளுக்கு எத்தனை நாளில் பதில் வந்தது? எந்தத் தொனியில் வந்தது? நாளை உங்களுக்கும் அதே மரியாதைதான் கிடைக்கும்.
- "கான்ட்ரிபியூட்டிங்" கோப்பு இருக்கிறதா? இருந்தால் முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை படியுங்கள். அதில் பதில் இருக்கும் கேள்வியைக் கேட்பதுதான் புதியவர்கள் மெயின்டெய்னரை எரிச்சலூட்டும் முதல் வழி.

புதியவருக்கு ஏற்ற வேலை என்று காட்டும் லேபிளின் பெயர் இடத்துக்கு இடம் மாறும். லிப்ரே ஆபீஸில் "ஈஸி ஹேக்", மொஸில்லாவில் "குட் ஃபர்ஸ்ட் பக்", பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்கான டிஜாங்கோவில் "ஈஸி பிக்கிங்ஸ்".

கோட் எழுதாமலே உள்ளே போகலாம்

டாக்குமென்டேஷனில் இருந்து தொடங்குவது புதியவருக்கு இயல்பான வழி. இன்ஸ்டால் செய்யும் வழிமுறையைப் புதிதாகப் படித்து, சொன்னபடியே ஒவ்வொரு படியாகச் செய்து பாருங்கள். எங்கே தடுக்கி விழுகிறீர்களோ அங்கே திருத்தம் தேவை. பழகியவர்கள் அந்த இடத்தைத் தாண்டிப் போய் வருடக்கணக்காகியிருக்கும். அவர்கள் கண்ணுக்கு அது தெரியாது.

அடுத்தது பக் ரிப்போர்ட். "லாகின் வேலை செய்யவில்லை, சீக்கிரம் சரிசெய்யவும்" என்று எழுதினால் மெயின்டெய்னர் உங்களிடம் நான்கு கேள்வி கேட்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நாள் போகும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"பதிப்பு 4.2, உபுண்டு 24.04. பயனர் பெயரின் கடைசியில் இடைவெளி இருந்தால் லாகின் பக்கம் 500 பிழை காட்டுகிறது. செய்து பார்க்க: புதிய கணக்கு தொடங்கவும், வெளியேறவும், பெயருக்குப் பின் ஒரு இடைவெளி விட்டு லாகின் செய்யவும். எதிர்பார்த்தது: பெயர் தவறு என்ற செய்தி. நடந்தது: 500. பதிப்பு 4.1-ல் இந்தப் பிரச்சினை இல்லை."

கடைசி வரிக்குத்தான் மதிப்பு அதிகம். பிரச்சினை எந்த இரண்டு பதிப்புகளுக்கு இடையில் நுழைந்தது என்று தெரிந்தால், தேட வேண்டிய இடம் வெகுவாகச் சுருங்கிவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: பாதுகாப்பு ஓட்டை என்று சந்தேகம் வந்தால் பொதுவில் எழுதக் கூடாது. அதற்கென்று ப்ராஜெக்ட் தரும் தனி மின்னஞ்சலுக்கு மட்டும் அனுப்புங்கள்.

மற்றவர்கள் போட்ட பழைய பக்குகளை எடுத்து, இன்றைய பதிப்பில் இன்னும் வருகிறதா என்று சோதித்துச் சொல்வதும் நல்ல தொடக்கம். "5.1-ல் சோதித்தேன், இப்போது வரவில்லை" என்ற ஒற்றை வரி, மெயின்டெய்னருக்கு அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

மொழிபெயர்ப்பிலும் வாசல் திறந்தே இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸுக்கு மொஸில்லாவின் பொன்டூன் தளம், லிப்ரே ஆபீஸுக்கு வெப்லேட், டிஜாங்கோவுக்கு டிரான்ஸிஃபெக்ஸ். மூன்றிலும் தமிழ் இருக்கிறது. இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே கொட்டாதீர்கள். முன்னால் செய்தவர்கள் "ஃபைல்" என்பதற்குக் "கோப்பு" என்று வைத்திருந்தால் நீங்களும் அதையே வையுங்கள். ஒரு மெனுவில் கோப்பும் அடுத்த மெனுவில் ஃபைலும் இருந்தால் பயனர் குழம்பிப்போவார்.

தமிழ் படிக்கத் தெரிந்த கண்

உங்களிடம் உலகின் பெரும்பாலான டெவலப்பர்களிடம் இல்லாத ஒரு தகுதி இருக்கிறது. தமிழ் எழுத்து உடைந்தால் உங்களுக்கு உடனே தெரியும். பைத்தானைத் திறந்து "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். 5 என்று வரும். நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரத்தின் மேல்விலங்கு, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். "முதல் 20 எழுத்தை மட்டும் காட்டு" என்று எழுதிய மென்பொருள், மேல்விலங்கையோ புள்ளியையோ வெட்டிவிட்டு வேறொரு சொல்லைக் காட்டும்.

இன்னொரு சோதனை. பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷனில், சொல் எழுத்துகளைக் குறிக்கும் சாய்கோடு-டபிள்யூ குறியைக் கொண்டு "தமிழ்" என்பதைத் தேடுங்கள். "தம", "ழ" என்று இரண்டு துண்டுகள் கிடைக்கும். மேல்விலங்கும் புள்ளியும் அந்தக் குறியின் கணக்கில் எழுத்துகளே இல்லை. இணைய முகவரிக்கான பெயரை உருவாக்கும் டிஜாங்கோவின் ஸ்லக்கிஃபை இதே வழியில் போவதால், யூனிகோடை அனுமதித்தாலும் "தமிழ்" அங்கே "தமழ" ஆகிவிடுகிறது.

உடனே பைத்தானுக்கு பக் ரிப்போர்ட் எழுத உட்காராதீர்கள். முதலில் தேடுங்கள். இது 2011-லேயே பைத்தானின் பக் பட்டியலில் பதிவாகிவிட்டது. மொழியின் அடிப்படையை மாற்றினால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ ப்ரோகிராம்கள் உடையலாம் என்பதால் எளிதில் முடிகிற விவகாரமும் இல்லை. முதல் பங்களிப்புக்கு இது ஆகாது. ஆனால் இதே குறையால் அவதிப்படும் சின்ன லைப்ரரி ஒன்று உங்கள் கையில் இருக்கலாம். அங்கே "ரெஜெக்ஸ்" என்ற வேறொரு பைத்தான் பொதியைப் பயன்படுத்தினால் தமிழ் முழுசாக வரும். தமிழ், இந்தி, மலையாளச் சொற்களோடு ஒரு டெஸ்ட்டும் எழுதி அனுப்பினால், அது அந்த மெயின்டெய்னரால் தானாகக் கண்டுபிடித்திருக்க முடியாத திருத்தம். பிரச்சினை பெரிதாக இருக்கும்போது, அதில் உங்கள் கைக்கு அடங்கும் பகுதியைப் பிரித்தெடுப்பதும் ஒரு திறமைதான்.

தமிழுக்கென்றே உள்ள ஓப்பன்-தமிழ் மாதிரியான லைப்ரரிகளிலும் கை கொடுக்கலாம். நேரில் கேட்டுக் கற்க ஆள் வேண்டும் என்றால் சென்னையின் ஐஎல்யூஜிசி, காஞ்சி லினக்ஸ் பயனர் குழு, விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு, கணியம் அறக்கட்டளை ஆகியவை இருக்கின்றன. கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தாலே பாதித் தயக்கம் போய்விடும்.

ஒரு திருத்தத்தின் பயணம்: டிஜாங்கோ

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் நகரச் செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்து, 2005-ல் பொதுவுக்கு வந்தது டிஜாங்கோ. வந்து சேரும் டிக்கெட்டுகளையும் திருத்தங்களையும் பார்ப்பதற்கென்றே சம்பளம் கொடுத்து "ஃபெல்லோ"க்களை வைத்திருக்கிறது அதன் அறக்கட்டளை. நடைமுறை அவ்வளவும் எழுத்தில் இருக்கிறது. எந்த ப்ராஜெக்ட்டுக்குப் போனாலும் இந்தப் பாதையைத்தான் வேறு வேறு பெயர்களில் பார்ப்பீர்கள்.

1. டிக்கெட். டிஜாங்கோவின் பக்குகள் கிட்ஹப்பில் இல்லை. டிராக் என்ற தனித் தளத்தில் இருக்கின்றன. எழுத்துப்பிழை மாதிரிச் சில்லறைத் திருத்தம் தவிர எல்லாவற்றுக்கும் டிக்கெட் வேண்டும். "அக்செப்டட்" என்ற நிலைக்கு வந்த டிக்கெட்டைத்தான் எடுக்க வேண்டும். "வோன்ட்ஃபிக்ஸ்" என்று மூடியதைத் திறந்து வாதாடாதீர்கள். அதற்கு ஃபோரம் இருக்கிறது.

2. டெஸ்ட். ஃபோர்க் செய்து, உங்கள் மெஷினில் இறக்கி, டிக்கெட் எண்ணில் ஒரு பிராஞ்ச் போடுங்கள். ஒரு வரி மாற்றும் முன் இருக்கும் டெஸ்ட்டுகளை ஓட்டுங்கள். எஸ்க்யூலைட் போதும், தனி டேட்டாபேஸ் தேவையில்லை. இப்போதே ஏதாவது தோற்றால் அது உங்கள் செட்டப்பின் கோளாறாக இருக்கலாம். இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள், பிற்பாடு தன்னால் உடைந்ததா, முன்பே உடைந்திருந்ததா என்று தெரியாமல் முழிப்பார்கள்.

3. தோற்கும் டெஸ்ட் முதலில். பக்கைக் காட்டும் டெஸ்ட்டை எழுதி, அது தோற்பதைப் பாருங்கள். பிறகு கோடைத் திருத்தி, அதே டெஸ்ட் தேறுவதைப் பாருங்கள். ரிவ்யூ செய்பவர் உங்கள் விளக்கத்தை நம்ப வேண்டியதில்லை. அவரே ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

4. கமிட். டிஜாங்கோவில் இதற்கும் ஒரு வாய்ப்பாடு உண்டு: "ஃபிக்ஸ்டு", டிக்கெட் எண், இரண்டு ஹைஃபன், பிறகு செய்த வேலை இறந்தகாலத்தில், கடைசியில் முற்றுப்புள்ளி. எந்த ப்ராஜெக்ட்டிலும் கடைசி இருபது கமிட்டுகளைப் பார்த்தால் வழக்கம் பிடிபடும். வழியில் கண்ணில் பட்ட வேறு குறைகளை இதே கமிட்டில் சேர்க்காதீர்கள். ஒரு திருத்தம், ஒரு காரணம்.

5. கொடி. புல் ரிக்வெஸ்ட் அனுப்பியதும் டிராக்கில் "ஹேஸ் பேட்ச்" என்று குறிக்க வேண்டும். யாராவது பார்த்து "நீட்ஸ் டெஸ்ட்ஸ்" என்றோ "பேட்ச் நீட்ஸ் இம்ப்ரூவ்மென்ட்" என்றோ குறித்தால், சரிசெய்தபின் அந்தக் குறியை நீங்களே எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் உங்கள் திருத்தம் ரிவ்யூ வரிசைக்குத் திரும்பாது. வேலையை முடித்துவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று மாதக்கணக்கில் காத்துக்கிடக்கும் புதியவர்கள் பலர் சிக்குவது இந்த இடத்தில்தான்.

கையைப் பிடித்து அழைத்துப்போக ஆள் தேவையென்றால் டிஜாங்கோநாட் ஸ்பேஸ் என்ற எட்டு வாரக் குழு வழிகாட்டல் இருக்கிறது.

பேச்சு வழக்கம்

"சார், ப்ளீஸ் அசைன் திஸ் டு மீ" என்ற வரியைத் தவிருங்கள். மெயின்டெய்னர் ஆசிரியரும் இல்லை, மேனேஜரும் இல்லை. பெயர் சொல்லி எழுதலாம், சார் வேண்டாம். டிக்கெட்டைக் கேட்பதைவிட, செய்த வேலையைச் சொல்லுங்கள்: "இந்த பக் 4.2-ல் என் மெஷினிலும் வருகிறது. பெயரில் உள்ள இடைவெளியை நீக்காமலே டேட்டாபேஸில் தேடுவதுதான் காரணம் என்று தோன்றுகிறது. டெஸ்ட்டோடு திருத்தம் அனுப்பலாமா?" எடுத்த டிக்கெட்டை முடிக்க முடியாவிட்டால் வெளிப்படையாக விட்டுவிடுங்கள். பரீட்சை வந்துவிட்டது என்றால் அதைச் சொல்வதில் தவறில்லை. சொல்லாமல் மறைவதுதான் தவறு.

கேள்விகளைப் பொதுவில் கேளுங்கள். தனி மெசேஜில் கேட்டால் ஒருவருக்கு மட்டுமே பதில். பொதுவில் கேட்டால் அடுத்து வருபவருக்கும் உதவும். ஆங்கிலம் குறித்துக் கவலை வேண்டாம். ஓப்பன் சோர்ஸில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. சின்ன வாக்கியம், தெளிவான படிகள், எர்ரர் செய்தியின் முழுப் பிரதி. இவை இருந்தால் இலக்கணத்தை யாரும் பார்க்கப்போவதில்லை.

ரிவ்யூவில் பத்துக் குறிப்புகள் வந்தால் அது அவமானம் இல்லை. ஒருவர் உங்கள் கோடை உட்கார்ந்து படித்திருக்கிறார் என்று பொருள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லுங்கள்: மாற்றினேன், அல்லது இன்ன காரணத்தால் மாற்றவில்லை. இரண்டு வாரம் பதிலே இல்லை என்றால் ஒருமுறை பணிவாக நினைவூட்டலாம். தினமும் தட்டக் கூடாது. திருத்தத்தை ஏற்காமல் மூடிவிட்டால் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு நகருங்கள்.

ஏஐ எழுதிய கோட்

சாட்பாட்டைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் திருத்தம் தயார். அதைச் சரிபார்க்க மெயின்டெய்னருக்கு ஒரு மணி நேரம். இந்தக் கணக்கு தாங்காமல் ப்ராஜெக்ட்டுகள் கதவை இறுக்குகின்றன. ஜென்டூ லினக்ஸ் 2024 ஏப்ரலிலேயே ஏஐ உதவியோடு உருவாக்கிய பங்களிப்புகளைத் தடைசெய்தது. டேனியல் ஸ்டென்பெர்க் நடத்தும் கர்ல் ப்ராஜெக்ட், ஏஐ எழுதிய பொய்யான பாதுகாப்புப் புகார்கள் பெருகியதால், ஓட்டை கண்டுபிடிப்பவர்களுக்குப் பணம் தரும் திட்டத்தையே 2026 ஜனவரியோடு மூடிவிட்டது.

நீங்கள் செய்ய வேண்டியது: ப்ராஜெக்ட்டின் ஏஐ விதியை முதலில் படியுங்கள். அனுமதி இருந்தால் பயன்படுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். பழகாத கோடைப் புரிந்துகொள்ள, எர்ரரின் பொருள் கேட்க, தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று உங்கள் வாயால் விளக்க முடியாத எதையும் அனுப்பாதீர்கள். ரிவ்யூ செய்பவர் கேட்கும் கேள்வியை அப்படியே சாட்பாட்டில் ஒட்டி, அது தரும் பதிலைத் திரும்ப ஒட்டுபவரை இரண்டாவது பதிலிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பணமும் கிடைக்கும் வழிகள்

கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005 முதல் நடக்கிறது. 2022-ல் இருந்து மாணவர் அல்லாத புதியவர்களும், 18 வயது நிரம்பியிருந்தால், விண்ணப்பிக்கலாம். உதவித்தொகை நாட்டுக்கு நாடு, ப்ராஜெக்ட்டின் அளவுக்கு ஏற்ப மாறும். இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இதில் பல ஆண்டுகள் உலக அளவில் முன்வரிசையில் நின்றது. சீனியர் மாணவர்கள் ஜூனியர்களுக்கு வழிகாட்டும் பழக்கம் ஒரு கல்லூரியில் வேரூன்றினால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

அவுட்ரீச்சி, தொழில்நுட்பத் துறையில் வாய்ப்பு மறுக்கப்படும் பிரிவினருக்கானது. மூன்று மாத வேலை, வீட்டில் இருந்தே செய்யலாம், உதவித்தொகை 7,000 டாலர். லினக்ஸ் ஃபவுண்டேஷன் நடத்தும் எல்எஃப்எக்ஸ் மென்டார்ஷிப்பும் இருக்கிறது.

இவற்றில் இடம் பிடிப்பவர்கள் பெரும்பாலும் விண்ணப்பத் தேதிக்குச் சில மாதங்கள் முன்பே அந்த ப்ராஜெக்ட்டுக்குள் வந்து சின்ன வேலைகள் செய்தவர்கள். அவுட்ரீச்சியில் விண்ணப்பக் காலத்திலேயே ஒரு பங்களிப்பாவது செய்தாக வேண்டும். கடைசி வாரத்தில் பளபளப்பான ப்ரொபோசலோடு வருபவரை மென்டாருக்குத் தெரியாது.

ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு

ஆஃபர் லெட்டரோடு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வேலையில் இருக்கும் காலத்தில் நீங்கள் எழுதும் எல்லாக் கோடும் கம்பெனிக்கே சொந்தம் என்ற வகையில் வாசகம் இருக்கலாம். இருந்தால் மேனேஜரிடமோ சட்டப் பிரிவிடமோ மெயிலில் அனுமதி வாங்குங்கள். வாய்மொழி அனுமதி போதாது. ஆபீஸ் லேப்டாப், ஆபீஸ் மெயில் ஐடி இரண்டையும் இதற்குத் தொடாதீர்கள். ஆபீஸ் கோடில் இருந்து ஒரு வரியைக்கூட எடுத்து ஒட்டாதீர்கள்.

சில ப்ராஜெக்ட்டுகள் உங்களிடம் உறுதிமொழி கேட்கும். லினக்ஸ் கெர்னலில் ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் "சைன்டு-ஆஃப்-பை" என்று பெயர் போட வேண்டும். இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்பது அதன் பொருள். பைத்தான் பங்களிப்பாளர் ஒப்பந்தம் கேட்கும். சடங்கு என்று நினைத்துக் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடாதீர்கள். கம்பெனி அனுமதி இல்லாமல் அந்த வரியை எழுதினால், மாட்டிக்கொள்வது நீங்கள் மட்டும் இல்லை, அந்த ப்ராஜெக்ட்டும்தான்.

ரெஸ்யூமேயில் எழுதுவது எப்படி?

"12 ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டுகளுக்குப் பங்களித்தவர்" என்ற வரி இன்டர்வியூ எடுப்பவருக்கு எதையும் சொல்வதில்லை. "இன்ன லைப்ரரியில், கோடைகால நேர மாற்றத்தின்போது தேதிக் கணக்கு ஒரு மணி நேரம் பிசகுவதைக் கண்டறிந்தேன், டெஸ்ட்டோடு திருத்தினேன், அடுத்த பதிப்பில் வெளியானது" என்று எழுதி லிங்க் கொடுங்கள். அவர் அதைத் திறந்தால் கோடைவிட அதிகமாகப் பார்ப்பது உரையாடலை. விமர்சனம் வந்தபோது என்ன சொன்னீர்கள்? விளக்கம் புரிந்ததா? சொன்னதை முடித்தீர்களா? ஆபீஸில் உங்களோடு வேலை பார்ப்பது எப்படி இருக்கும் என்பதை அந்தப் பக்கம் காட்டிவிடும். இதை எந்தச் சான்றிதழும் காட்டாது. ஒரே ப்ராஜெக்ட்டில் ஆறு மாதம் நிலைத்து நின்ற தடம், ஆறு ப்ராஜெக்ட்டுகளில் ஒவ்வொன்றிலும் ஒரு கமா போட்ட தடத்தைவிடப் பல மடங்கு பேசும்.

அனுப்பிய பிறகு

முதல் புல் ரிக்வெஸ்ட் அனுப்பியதும் காத்திருப்பு தொடங்கும். நாளாகலாம், வாரமாகலாம். அந்த நேரத்தில் நோட்டிஃபிகேஷனையே பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். அதே வரிசையில் காத்துக்கிடக்கும் இன்னொருவரின் திருத்தத்தை எடுத்து உங்கள் மெஷினில் ஓட்டிப் பாருங்கள். டெஸ்ட் தேறுகிறதா, டாக்குமென்ட்டில் சொன்னது நடக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். அதற்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை. டிஜாங்கோவில், திருத்தத்தை எழுதியவரைத் தவிர சமூகத்தில் எவரும் பரிசீலித்து "ரெடி ஃபார் செக்இன்" என்று குறிக்கலாம் என்பதே விதி. சேர்ப்பதா என்ற கடைசி முடிவு மட்டும் மெர்ஜ் செய்பவர் கையில். முதல் நாளே அந்தக் குறியைப் போடும் துணிச்சல் வராது. "ஓட்டிப் பார்த்தேன், இந்த இடத்தில் உடைகிறது" என்று எழுதினாலே போதும். வரிசையில் ஒரு வேலை குறைந்தால், உங்கள் திருத்தத்தின் முறை அவ்வளவு சீக்கிரம் வரும்.